குறி பார்த்த கைத்துப்பாக்கி

அம்மாவுக்கு, முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஒரு வேடிக்கை கேள். முதலாளியின் நூறு வருஷத்துக் கைத்துப்பாக்கிக்கு ஸ்பிரிங் மாற்றினேன். சோதிக்கும்போது பழுதுபார்த்தவன்தான் எதிரே நிற்க வேண்டும், பட்டறை வழக்கம். என் நெற்றிக்கு நேரே பிடித்து விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து குண்டை எடுத்துக் காட்டினார். “என்னடா வேலை பாத்திருக்க? வெடிக்கவே இல்லையே.”

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

இங்கே குளிர் அதிகம். போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, துவைக்க வேண்டாம்.

குண்டைத் தட்டும் ஊசிதான் தேய்ந்திருந்தது. புதிது போட்டுவிட்டேன். இந்தத் தடவை அவர் குறை சொல்ல முடியாது. கூப்பிடுகிறார், வருகிறேன்.

உன் மகன்