வாய் திறந்ததெல்லாம் பசியில்லை

தொலைவில் இருக்கும் பெரிய பேரனுக்கு, பாட்டி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பொய். அங்கே நீ நலமா என்று கேட்க இன்னும் கோபம் ஆறவில்லை. ஆகவே அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டேன். ஃபோனில் பேசினால் நடுவில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். படித்துவிட்டுக் கிழி.

நீ அனுப்பிய மேனேஜர் திங்கட்கிழமை வந்தார். கரையெல்லாம் சேறு, அவர் காலில் வெள்ளை ஷூ. நான் மீன்குஞ்சுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். “ஏம்மா, ஓனர் இல்லையா?” என்று கேட்டார். “குனிஞ்சிருந்தா தெரியாது, நிமிர்றேன் இருங்க” என்றேன். இனி ஏரிக் கூண்டுகளை அவர் பார்ப்பாராம், உன் தங்கை கரையில் மீன் நிறுக்கும் தராசுப் பக்கம் உட்கார வேண்டுமாம், அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவள்தான். ஆனால் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை நாலாவதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஏரியில் வலைக் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் உரிமம் என் பெயரில் இருக்கிறது. நான் இருக்கும்வரை இருக்கும்.

உன் தங்கைக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். குளத்தில் குஞ்சு வளர்ப்பது நான். விரல் நீளம் வந்ததும் அதைக் கூண்டுக்கு மாற்றி, தட்டு நிறையும் அளவுக்கு வளர்த்துக் கொடுப்பது அவள். பன்னிரண்டு கூண்டுக்கும் தினம் படகில் போய், வலையில் படிந்த பாசியைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை. பொறுப்பு என்றால் என்னவென்று அந்தக் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தது. இலை அசையவில்லை. அப்படிப்பட்ட நாளில் தண்ணீரில் மூச்சு குறைந்துவிடும். மீனுக்கு இரை போடக் கூடாது, தின்றால் அதற்கு இன்னும் மூச்சு வேண்டும், தின்னாமல் மிஞ்சிய இரை அழுகி இருக்கிற மூச்சையும் குடித்துவிடும். முதல் நாளே உன் தங்கை தீவனத்தை நிறுத்தினாள். போன முறை வந்தபோது நீ மாட்டிவிட்டுப் போனாயே, தானாகத் தீவனம் கொட்டும் பெட்டிகள், அவற்றையும் அணைத்து மூடியைப் பூட்டினாள். பூட்டும்போது நான் படகில் இருந்தேன்.

மூன்றாம் நாள் விடியும்போது ஏழு கூண்டு மீனும் செத்து வெள்ளையாக மிதந்தது. நடுநடுவே தின்னாத தீவனம். இரண்டு நாள் கூடை கூடையாக அள்ளிப் புதைத்தோம். அன்றிலிருந்து அவள் “மூடியை நான்தான் சரியா மூடல பாட்டி” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வாசலில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மூடுகிறாள், திறக்கிறாள், மறுபடி மூடுகிறாள். இனி ஏரிக்குப் போக மாட்டாளாம். டவுனில் துணிக்கடை வேலைக்கு விசாரித்து வைத்திருக்கிறாள்.

நான் பெட்டி ரிப்பேர்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். எதையோ அமுக்கிப் பார்த்துவிட்டு, “மூடியில ஒண்ணும் இல்ல பாட்டி. மீன் செத்ததுக்கு முந்தின நாள் பகல்ல நாலு தடவ கொட்டியிருக்கு. வெளியூர்லேருந்து ஃபோன்ல யாரோ ஆன் பண்ணியிருக்காங்க. அப்படிப் பண்ணினா மூடி பூட்டியிருந்தாலும் கொட்டும்” என்றார்.

அந்த யாரோவுக்குத்தான் எழுதுகிறேன்.

பெட்டியோடு சேர்த்து நீ மாட்டிவிட்டுப் போன கேமராவில் பார்த்திருப்பாய். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும். பசியில் கெஞ்சுகிறது, தங்கை பட்டினி போடுகிறாள் என்று நினைத்திருப்பாய். அது பசியில்லைடா, மூச்சு. இத்தனை படித்தவனுக்கு இது தெரியாமல் போனதில் என் தப்பும் உண்டு. சின்ன வயதில் நீ எதற்கு வாயைத் திறந்தாலும் சோற்று உருண்டையை வைத்து அடைத்தவள் நான்தான்.

தெரியாமல் செய்ததற்கு நான் கோபப்படவில்லை. உன் கடிதத்தில் வலையைக் கேட்டாய், தண்ணீரைக் கேட்டாய், தங்கை எத்தனை மணிக்கு எழுந்தாள் என்றுகூடக் கேட்டாய். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கேதான் பிடிபட்டாய். பழியைத் தூக்கி அந்தப் பெண் தலையில் வைத்துவிட்டு, மேலே மேனேஜரையும் உட்கார வைக்கப் பார்த்தாயே, அதற்குத்தான் கோபம்.

பெட்டிகளைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டேன். கேமரா இருக்கட்டும். பார், ஆனால் தொடாதே.

குளத்தில் குஞ்சு நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. மாதக் கடைசிக்குள் கூண்டுக்கு மாற்றியாக வேண்டும். சின்னது பெரியது பிரித்து விட அவள் கைதான் வேண்டும். அதற்குள் அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நான் சொன்னால் அது கோள். நீ சொன்னால்தான் அவளுக்கு ஓர் அண்ணன் மிஞ்சுவான். என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும், மாதக் கடைசிக்கு மேல் அது தாங்காது.

நூறு வயது நன்றாக இரு. அதற்கு முன்னால் இந்த மாதத்தைத் தாண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ சொன்னதும் அவள் சட்டென்று பேச மாட்டாள். வாயைத் திறந்து திறந்து மூடுவாள். நீ உடனே எதையாவது எடுத்துக் கொட்டாதே. பேசாமல் இரு. அவள் மூச்சு விடட்டும்.

இப்படிக்கு,
பாட்டி