தொளதொளத்துப்போன சுவெட்டர்

மாயாபந்தர்
டிசம்பர் 1963

அன்புள்ள ருக்குவுக்கு,

குன்னூரில் பனி எப்படி? பாப்பாவுக்குக் காதுக்குல்லா மாட்டிவிடு.

புழுங்கும் தீவுக்குச் சுவெட்டர் எதற்கென்று நீ பின்னும்போது சிரித்தேனே, போன வாரம் லேசான குளிர்காய்ச்சலுக்கு அதுதான் உதவியது. "கழட்டாதீங்க சார், தண்டா உள்ள ஏறிடும்" என்று சமையல்காரர் மிக்கேல் மேலே சாக்கையும் போர்த்திவிட்டார். இப்போது தேவலை.

பொங்கலுக்கு வர வழியில்லை. லீவு கிடைத்தால் கப்பல் இல்லை. கப்பல் வந்தால் லீவு இல்லை. சாயங்காலம் கப்பல் அணையும் ஜெட்டிவரை போய் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.

இங்கே கடையில் கிடைக்கும் பனியன் ஒரே துவையலில் கிழிகிறது. நல்ல பருத்திப் பனியனும், விலை குறைவானாலும் கெட்டியான ஒரு கம்பளியும் அனுப்பு.

சங்கு ஊதிவிட்டது, தபால் பையைக் கட்டுகிறார்கள். இன்னொரு சுவெட்டரும் பின்னு. கம்பளி துவைத்தால் சுருங்கும் என்பாய். இது என்னவோ எனக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் உன் தம்பியின் அளவு போதும்.

உன்
சிகாமணி