திரையைப் பார்க்க மாட்டேன்

என்னங்க,

சாப்பாடு மேஜைமேல் மூடி இருக்கிறது. பிளம்பர் வந்தால் குளியலறைக் குழாயைக் காட்டுங்கள்.

இடுப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டேன். “ஒரு ஊசிக்கா இந்த ஆட்டம்?” என்று நேற்று நீங்கள் சிரித்தீர்களே, அந்தக் கோபத்தில்தான் “நீங்க வரவே வேணாம்” என்றேன்.

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைப் பார்த்து ஊசி போடும்போது, தினமும் எல்லார் கையையும் பிடித்துக்கொண்டு, “திரையைப் பாருங்க, பயம் போயிடும்” என்று சொல்கிறவள் நான். இன்று அந்தக் கட்டிலில் நானே படுக்க வேண்டும். தசைநாரைத் தேடி ஊசி எவ்வளவு ஆழம் போகும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தவள். அதனால்தான் இந்த ஆட்டம். திரையை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிவிடுவேன்.

பி.கு.: வர வேண்டாம் என்றதை மறந்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இல்லை, சாப்பிடாமலே வாங்க.