உட்கார்ந்திருந்தவள் ஓடின கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், என் முட்டிவலி என்னைவிடச் சுகம். நீ கை கால் நோகாமல் இருக்கிறாயா என்பதுதான் கவலை, இப்போது அவற்றுக்குத்தானே உனக்குச் சம்பளம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உன் அக்கா சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வாள். நீ அந்தக் கூடைப்பந்து அணியில் சேர்ந்ததிலிருந்து டிவியில் பார்க்கும்போதெல்லாம் கோச் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், மற்றவர்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தையல் கம்பெனியில் நிற்கிறவர்கள் வேலையாட்கள், உட்கார்ந்து பார்க்கிறவர் சூப்பர்வைசர். இத்தனை வருஷமாகத் துணி வெட்டுகிற மேசை முன்னால் நின்றே கால் வீங்கினவள் நான், என் மகள் போன உடனே உட்கார்ந்துவிட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் சொன்னேன், மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன். கழுத்தில் துண்டோடு நீ கைதட்டுவதைப் பார்த்த எங்கள் சூப்பர்வைசரே, வேலை வாங்கத் தெரிந்த பெண் என்றார்.

போன சனிக்கிழமை உங்கள் அணியில் அந்தச் சுருட்டைமுடிக்காரி கணுக்கால் பிசகி விழுந்ததும் கோச் உன்னைக் கைகாட்டி உள்ளே அனுப்பினாரே. என்ன தப்புச் செய்தாளோ, பதவியைப் பிடுங்கிக்கொண்டு ஓட விட்டுவிட்டார்களே என்று அழுதேன். அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா, இவ்வளவு நாளா அவளுக்கு ஆட எடம் கெடைக்கல, அதான் உக்கார வெச்சிருந்தாங்க, இப்பதான் விடிஞ்சிருக்கு என்றாள். அதற்குள் நீ பந்தைத் தட்டிக்கொண்டு போய், உன்னைவிட நெட்டையான ஒருத்தியைத் தாண்டிக் கூடையில் போட்டாய். திரும்பவும் போட்டாய். ஜெயித்ததும் எல்லோரும் உன்னைத் தூக்கினார்கள், மெதுவா தூக்குங்கடி என்று நான் டிவியிடம் கத்தினேன்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசும்போதெல்லாம், இன்னைக்கும் உக்காந்துதானே இருந்தே என்று கேட்பேன், ஆமாம்மா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாய். பெருமையாய்த்தான் கேட்டேன் கண்ணே, குத்திக்காட்டவில்லை. உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

இன்னும் இரண்டு வருஷம், அதுவும் ஆட்டம் தொடங்கும்போதே இறங்குகிற முதல் ஐந்து பேரில் ஒருத்தியாக ஆடச் சொல்லிக் கேட்டார்களாம். அம்மா தனியாக இருக்கிறாளே, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நீதான் இழுத்தடிக்கிறாயாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம். அக்கா சொல்லிவிட்டாள், அவள் வாயில் எது தங்கும். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா வந்து வந்து என் ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறாள், உன் அறையில் தையல் மெஷினைப் போட்டுவிட்டேன், கட்டில் மேல் துணி மலையாய்க் கிடக்கிறது. நீ வந்தால் படுக்க இடமில்லை. உட்கார்ந்திருந்தது போதும், ஓடு.

பந்தைப் பிடுங்கப் போகுமுன் நகத்தை வெட்டிக்கொள், எதிரில் நிற்பவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். உன் காலுக்கு ஒரு குறையும் வராது, அம்மா சொல்கிறேன், நன்றாக இருப்பாய். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூப்பிடு. போடாமல் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
முதல் மணியிலேயே எடுத்துவிடப்போகும்
உன் அம்மா