மஞ்சள் கோடு ஒன்றா, இரண்டா

1968 ஜூலை 9, செவ்வாய்

விடாத மழை. கொடி முழுக்க ஈரத்துணி.

கல்லூரி ஆய்வகத்துக்கு மறுபடி போனேன். ஓய்வுபெற்ற வாத்தியாரை மதித்து உதவிக்குக் கூப்பிடுகிறார்கள், மறுக்கத் தெரியவில்லை. வோல்ட் மீட்டரைத் தொட்டேன். முள் அப்படியே நின்றுவிட்டது. போன வாரம் தராசு. அதற்கு முன் பம்பு. உப்புக்காற்று, துரு என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அட்டெண்டர் மண்டல் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர்ஜி, மத் சூனா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். தொடவேண்டாமாம்.

லெக்சரர் செபாஸ்டியன், தூத்துக்குடிக்காரர்: "ஒங்களுக்குப் பவுலி விளைவு சார்! பவுலின்னு ஒரு விஞ்ஞானி, அவரு உள்ள நொழஞ்சாலே கருவி ஒடையுமாம். கூட்டாளி ஒருத்தரு லேபுக்குள்ளயே விடமாட்டாராம். மூடுன கதவு வழியாத்தான் பேச்சாம்."

எல்லோருடனும் நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில், மரைன் ஹில் ஏற்றத்தில் சிரிப்பு போய்விட்டது.

பவுலியின் பெயரில் இரண்டு உண்டு. ஒன்று விலக்கல் தத்துவம்: ஓர் அணுவுக்குள் இரண்டு எலக்ட்ரான்கள் எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருக்கமுடியாது. அதற்கு நோபல். மற்றது இந்தக் கேலி. எனக்குக் கிடைத்தது இது.

ஜூலை 11, வியாழன்

மழை, விட்டுவிட்டு. மண்ணெண்ணெய் தீர்ந்தது. கண் சொட்டுமருந்தும்.

ஆய்வகத்துக்குச் சோடியம் விளக்கு கப்பலில் வந்துவிட்டதாம், உடையாமல். அதன் ஒளியைப் பிரித்தால் தெரியும் மஞ்சள் கோடு உண்மையில் நெருங்கிய இரண்டு கோடுகள். இப்படிப்பட்ட இரட்டைகளை யோசித்துத்தான் எலக்ட்ரானுக்கே ஓர் இரட்டைத்தன்மை உண்டு என்றார் பவுலி. வேலைபார்த்த காலம் முழுக்கக் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டேன். கண்ணால் பார்த்ததில்லை. பள்ளியில் ஏது கருவி.

வலது கண் போயாயிற்று. இடது கண்ணில் புரை. தெருவிளக்கெல்லாம் இரண்டிரண்டு. அடுத்த கப்பலில் இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்ட், ஆபரேஷன். சரியாக வருமோ, வராதோ. அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டால்.

நான் போய் விளக்கும் உடைந்தால்? பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் பரீட்சை. வரவில்லை என்று சொல்லியனுப்பினேன்.

மகள் கமலா: "நீங்க தொட்டா ஒடையுமாப்பா? மொதல்ல நம்ம ரேடியோவத் தொடுங்க. ஒங்க மாப்பிள்ள ஓயாம ஹிந்திப் பாட்டு வெக்கிறாரு."

அலுப்பு. சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 13, சனி

செபாஸ்டியன் வீட்டுக்கே வந்துவிட்டார். "உள்ள வரவேணாம் சார். வெளிய நின்னே பாருங்க."

ஆய்வகத்துக்குள் ஜன்னலோரம் மேசை. ஒளியைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் பார்க்கும் முனை மட்டும் கம்பிகளுக்கிடையே வராந்தாவுக்கு நீட்டியிருந்தது. சாரல். மண்டல் எனக்குக் குடைபிடித்தான். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னான். வைத்துக்கொண்டேன்.

குனிந்தேன். மஞ்சள். ஒன்றல்ல. உடனே சந்தேகம். என் கண்ணுக்கு எதுதான் ஒன்றாக இருக்கிறது?

"ரெண்டு தெரியுதா சார்?"

"இருங்க."

யோசித்தேன். கண்ணின் கோளாறு என்றால், தலையைச் சாய்த்தால் அதுவும் கூடவே நகரவேண்டும். விளக்கின் கோடு நகராது. தலையை வலது தோள்வரை சாய்த்தேன். பிறகு இடது தோள்வரை.

"கவ்வா! பில்குல் கவ்வா!" மண்டலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, குடை ஆடியது. காக்காய் மாதிரிதான் இருந்திருப்பேன்.

பக்கத்தில் மங்கலாக இருந்த சாயல் தலையோடு நகர்ந்தது. மெல்லிய இரண்டு மட்டும் நின்றன. மறுபடி சாய்த்தேன். நின்றன.

"போதும் சார், கழுத்து சுளுக்கிக்கப் போவுது."

சுளுக்கித்தான் கொண்டது. கமலா திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டுப் போனாள். எழுதக் குனிய முடியவில்லை. இரண்டு. இரண்டுதான்.