களிம்பில் குங்குமப்பூ போட்டேனா

என் விசாலத்துக்கு,

நீ போன பிறகு நம் ஸ்ரீவராகத்து வீட்டில் முதல் சண்டை நேற்று நடந்தது. நீ கடைசியாக வரைந்த படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பெங்களூருக்குக் கொண்டுபோகிறேன் என்றாள் நம் பெண் நித்யா. நான் கூடாது என்றேன். ஏன் என்று எனக்கே ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

பாரசீகத் தோட்டம், நடுவில் ஓடை, கரையில் அந்த ஒற்றை சைப்ரஸ் மரம். காகிதத்தைக் கல்லால் தேய்த்து மெருகேற்றியதும் பொன் தாளைத் தேனில் குழைத்ததும் நான். அணில் முடித் தூரிகையைப் பிடித்தது நீ. மரத்தின் பச்சைக்கு, வழக்கம்போல, செம்புத் தகட்டைக் காடியில் ஊறவைத்து எடுத்த களிம்பு. பொல்லாத சரக்கு அது. போகப் போகக் காகிதத்தையே தின்றுவிடும். அதை அடக்கத்தான் பாரசீகத்துக்காரர்கள் குங்குமப்பூ சேர்த்தார்கள் என்று எனக்குச் சொன்னவளே நீதான்.

களிம்பு குழைத்த சிப்பியை நீட்டும்போதெல்லாம் கேட்பாய். "ஏன்னா, குங்குமப்பூ போட்டேளா?" போட்டேன் என்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இந்த மரத்தை வரைய உட்கார்ந்த அன்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போட்டேனா? குங்குமப்பூ டப்பா பாதி இருக்கிறது. முன்பே பாதிதானா? காலை வெளிச்சத்தில் மரத்தில் மஞ்சள் சாயல் தெரிகிறது, மத்தியானம் பார்த்தால் காணோம். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

இந்தச் சந்தேகத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னதும், "சாரமில்லப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள் நித்யா.

"களிம்பு காகிதத்தைத் தின்னா, பழுப்பு முதல்ல பின்பக்கம்தான் தெரியும். சட்டம் போட்டுட்டா எப்படிப் பாக்கறது?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவேள்?"

பச்சையைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் அவை நீ கடைசியாக வைத்த இலைகள். சுரண்டினால் உன் கை போகும், விட்டால் படம் போகும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை அவளே படத்தைத் திருப்பி, ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். "இப்போ வெள்ளையாத்தான் இருக்கு. இங்கயே இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினாள்.

விசாலம், அன்று நீ கேட்காதது என்னை நம்பியா, கேட்கத் தெம்பில்லாமலா? எது என்றாலும் தாங்கிக்கொள்வேன். எது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன்.

விடிந்ததும் படத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பேன், ஒரு நாளும் தவறமாட்டேன். பழுப்பு கண்டால் சுரண்டுவேனா, அதற்கு இப்போது வாக்குக் கொடுக்க முடியவில்லை. ஆனால் இனி எப்போது களிம்பு குழைத்தாலும், நீ கேட்காவிட்டாலும், வாய்விட்டுச் சொல்வேன்: போட்டாச்சு, விசாலம்.

சிப்பியைக் கழுவாமல் வைத்திருக்கும்
உன் ஆத்துக்காரன்