மாடி மெயினை அணைத்தபோது நின்ற ஃப்ரிட்ஜ்

ஊரப்பாக்கம்,
புதன்கிழமை

அன்பு மகன் உதயாவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலி தவிர எனக்கொரு குறையுமில்லை, மஸ்கட்டில் நீயும் சுஜியும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். எந்த லைனில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் பெட்டியை நீயே செய்து அனுப்புவதாகவும், ஒயரைக் கவ்வும் வளையம் எத்தனை வேண்டும் என்று தெரிய ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து எது நிற்கிறது என்று பார்க்கும்படியும் சொன்னாயே, திங்கட்கிழமை பார்த்தேன். மாடியில் குடியிருக்கும் ஜஹானாரா நம் லைனில் வாஷிங் மெஷின் ஓட்டுகிறாள் என்று தண்ணி லாரி பக்கத்தில் தெருவே கேட்க அவளை நான் திருடி என்றதும், அவள் சனிக்கிழமை காலி செய்கிறேன் என்றதும் உனக்குத் தெரியும். அவளைப் பிடிக்கத்தான் முதலில் மாடி மெயினை அவளையே அணைக்கச் சொன்னேன், அணைத்த பிறகும் மெஷின் ஓடினால் அது நம் கரண்ட் என்று. நின்றது நம் ஃப்ரிட்ஜ்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ பிளஸ் டூ முடித்த வருஷம், ஆடி மூன்றாம் வெள்ளி, மாடி காலி. இப்போது ஃப்ரிட்ஜ் இருக்கும் பின்பக்க ரூமுக்கு லைன் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் தயாளன், கீழ் மெயின் பெட்டியிலிருந்து இழுத்தால் சுவரை உடைக்கணும் என்றான். பெயிண்ட் அடிச்சு பத்து நாள்தான் ஆவுது, சுவத்துல கை வைக்காதே, மேலேர்ந்து எறக்கு, ஆளு வந்தா மாத்திக்கலாம் என்றது நான்தான். என் கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துவிட்டதென்று உன் அத்தை ஞானசௌந்தரி சொன்ன பொய்யைக்கூட மறக்காத நான் இதை மறந்திருக்கிறேன்.

மாடியேறிப் போய்ச் சொன்னேன். ஒங்க மாவுக்கும் தயிருக்கும் இத்தினி வருஷமா நான்தான் குளிர் காட்டிகினு இருந்தேனாம்மா என்று ஜஹானாரா சிரித்தாள். ஆன செலவைக் கொடுக்கிறேன் என்றேன். அது கெடக்கட்டும், தெருவுல சொன்னதை தெருவுலயே இல்லேன்னு சொல்லுங்க என்றாள். இன்று காலை லாரி வந்ததும் எல்லோரும் குடத்தோடு நிற்கையில், திருடினது என் ஃப்ரிட்ஜ்தான் என்றேன். எதிர்வீட்டு ரோஸி, இன்னொரு தபா சொல்லுக்கா, காதுல வுழல என்றாள். அதை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

தயாளன் நாளைக்குச் சுவரை உடைத்து லைனை மாற்றுகிறான். வளையம் ஐந்து அனுப்பு, அவனே மாட்டட்டும், நான் மெயின் பெட்டியில் கை வைக்க மாட்டேன். நம் மீட்டரை ஏற்றுவது நம் தண்ணி மோட்டாரோ என்று சந்தேகம், அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீ செய்யும் பெட்டி காட்டுவது ஜஹானாரா போனிலும் தெரியும்படி செய்.

பேத்திக்கு ஞாயிறுதோறும் எண்ணெய் வை. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் இருங்கள். இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பப்போவது ஜஹானாராதான். சனிக்கிழமை சாமான் ஏற்றச் சொல்லிவைத்த டெம்போவை வேண்டாமென்று சொல்லிவிட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், படிக்கட்டும். ஜஹானாரா, போகாதேம்மா.

இப்படிக்கு,
உன் அம்மா கிளியம்மாள்